பேதாலஜி எம்டி எடுக்கலாமா? ஏற்காடு மலையிலிருந்து ஒரு குழப்பம்

சேர்வராயன்மழை கேட்டது:

வணக்கம். நான் சேலம் மோகன் குமாரமங்கலம் காலேஜ்ல எம்பிபிஎஸ். இப்போ ஏற்காடு மலையில ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல மூணாவது வருஷம் ஓடுது. இந்த வாட்டி நீட் பிஜி எழுதினேன். அரசு டாக்டர்களுக்கான சர்வீஸ் கோட்டா, மலைப்பகுதி ஊக்க மதிப்பெண் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தாலும் ஜெனரல் மெடிசின் எட்டாது, பீடியாட்ரிக்ஸ் இழுபறி. திசுவையும் ரத்தத்தையும் பார்த்து நோயைச் சொல்ற பேதாலஜி கண்டிப்பா கிடைச்சிடும்னு விஷயம் தெரிஞ்சவங்க சொல்றாங்க.

எனக்கு மைக்ரோஸ்கோப் பிடிக்கும், பொய் சொல்லலை. செகண்ட் இயர்ல ஸ்லைடு வரையறதுக்குன்னே ரோஸ், ஊதா பென்சில் தனியா வாங்கி ஒளிச்சு வெச்சிருப்பேன். ஆனா இங்க ஆளுங்களைப் பார்த்துப் பழகிட்டேன். காபித் தோட்டத்துல வேலை செய்யற அக்காங்க மாத்திரை வாங்க வந்தா, மடியிலேர்ந்து ஒரு கை மிளகு எடுத்து மேசையில வெச்சிட்டுப் போவாங்க. அதை விட்டுட்டு மூணு வருஷம் ஒரு ரூமுக்குள்ள உட்கார முடியுமா? மாமியார் வேற, "அப்போ நீ ரத்தம் டெஸ்ட் பண்ற பொண்ணா ஆயிடுவியா"ன்னு கேட்டுட்டாங்க. சிரிச்சு மழுப்பிட்டேன், ஆனா அது உள்ளே உட்கார்ந்துடுச்சு.

இன்னொண்ணு. கல்யாணமாகி ஒண்ணரை வருஷம், குழந்தை பத்தி யோசிக்கிறோம். வெட்டியெடுத்த உறுப்பு அழுகாம இருக்க ஊத்தற ஃபார்மலின் நெடியில நாள் பூரா நிக்கறது சரிப்படுமா? படிச்சவங்க உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. "நல்ல பிராஞ்சு, லைஃப் ஜாலியா இருக்கும்"னு மட்டும் வேண்டாம். அதைச் சொல்ல வீட்டுக்காரர் இருக்கார்.


ஐந்துரோடு ஆர்த்தோ:

நைட் டியூட்டி கிடையாது, எமர்ஜென்சி கிடையாது, பேஷண்ட் அட்டெண்டர் சட்டையைப் பிடிக்க மாட்டான். கண்ணை மூடிட்டு எடுங்க டாக்டர். நான் திரும்பப் பிறந்தா ரேடியாலஜி, அது கிடைக்கலைன்னா பேதாலஜி. ஒரே குறை, தனியா கிளினிக் போர்டு மாட்ட முடியாது. யாராவது லேப்ல சம்பளத்துக்குத்தான் போகணும்.


கொலுசுப்பட்டறை:

ஆர்த்தோ சார், நைட் டியூட்டி கிடையாதுன்னு யார் சொன்னது? எங்க காலேஜ்ல முதல் வருஷம் பூரா சென்ட்ரல் லேப்ல ராத்திரி டியூட்டி பார்த்தேன். மூணு மணிக்கு உங்க டிபார்ட்மென்ட்லேர்ந்துதான் போன் வரும், ஹீமோகுளோபின் ஏன் இன்னும் வரலைன்னு.

தங்கச்சி, நான் செவ்வாய்ப்பேட்டைக்காரி. எம்டி முடிச்சுட்டு இப்போ சேலத்துலயே ஒரு லேப்ல இருக்கேன். படிச்சது வேற ஊர்ல. பேர் வேண்டாம், ஏன்னா அந்த இடத்தைப் பத்திக் கொஞ்சம் திட்டப் போறேன்.

முதல்ல உங்க மாமியாருக்கு. ரத்தம் எடுக்கறது, மிஷின்ல வெக்கறது எல்லாம் டெக்னீஷியன் வேலை. அதை அவங்க நம்மளைவிட நல்லாப் பண்ணுவாங்க. மிஷின் சொல்றது உண்மையான்னு பார்க்கறதுதான் நம்ம வேலை. ஒரு கதை சொல்றேன். எம்டிக்கு நடுவுல மூணு மாசம் மாவட்ட மருத்துவமனையில வேலை பார்க்கணும், டிஆர்பின்னு சொல்லுவாங்க. அப்போ டெங்கு சீசன். ஒன்பது வயசுப் பையன், காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் ஆச்சு, வார்டுல ஓடி விளையாடறான். அனலைசர் பிளேட்லெட் 28 ஆயிரம்னு துப்பிடுச்சு. அம்மா அழுதுட்டு நிக்கறாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப 108க்குச் சொல்லியாச்சு. ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடுல ஸ்மியர் இழுத்து லீஷ்மேன் சாயம் போட்டுப் பார்த்தேன். ஸ்லைடோட வால் பக்கம் பூரா பிளேட்லெட் கொத்துக் கொத்தா, புளியம்பூ உதிர்ந்து கிடக்கற மாதிரி. ஊதா மூடி டியூப்ல இருக்கற ஈடிடிஏ மருந்துக்குச் சில பேரோட பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். மிஷினுக்கு அந்தக் கொத்தை எண்ணத் தெரியாது. நீல மூடி சிட்ரேட் டியூப்ல திரும்ப எடுத்து, அதுல மருந்துத் தண்ணி கூடங்கறதால 1.1 ஆல பெருக்கினா 1 லட்சத்து 90 ஆயிரம். 108ஐத் திருப்பி அனுப்பினோம். அந்தப் பையன் என் முகத்தைக்கூடப் பார்க்கலை, பக்கத்துப் பெட் பாட்டியோட பிஸ்கட்டைத் தின்னுட்டு இருந்தான்.

இப்போ முக்கியமானதுக்கு வர்றேன். எல்லாரும் பேதாலஜின்னா மைக்ரோஸ்கோப்னு நினைக்கறாங்க. மூணு வருஷத்துல ஒருத்தரை ஆளாக்கறது கிராஸிங் மேசைதான். ஆபரேஷன்ல எடுத்த உறுப்பு முழுசா வரும். அதைப் பார்த்து, அளந்து, கத்தியில திறந்து, எந்தத் துண்டை ஸ்லைடுக்கு எடுக்கணும்னு நாமதான் முடிவு பண்றோம். நாம எடுக்காம விட்ட துண்டை உலகத்துல எந்த மைக்ரோஸ்கோப்பும் காட்டாது.

நான் சேர்ந்த ரெண்டாவது வாரம், சீனியர் கத்தியைக் கையில குடுத்துட்டு, "அந்த டப்பாவையெல்லாம் முடிச்சிடு"ன்னு கேன்டீன் போயிட்டார். சொல்லித்தர ஆள் இல்லை. உதவிப் பேராசிரியர் இருந்தாங்க, மேசைப் பக்கம் வர மாட்டாங்க. நெடி ஒத்துக்காதாம். அன்னிக்கு ஒரு மார்பகப் புற்றுநோய் ஸ்பெசிமன், அக்குள் கொழுப்போட சேர்த்து. அந்தக் கொழுப்புக்குள்ள நெறிகட்டி எத்தனை இருக்குன்னு தேடி எடுக்கணும். நான் பார்த்தேன், பெருசா நாலு கிடைச்சுது, எடுத்து வெச்சேன், நாலும் சுத்தம்னு ஸ்லைடு வந்துச்சு. ரிப்போர்ட் டைப் பண்ணிட்டுப் போய் நின்னா, எங்க ஹெச்ஓடி படிச்சுக்கூடப் பார்க்கலை. "அக்குள்ல பத்து நெறியாவது வேணும். நாலு நெறியோட என்கிட்ட வராதே, போய்த் தேடு"ன்னார்.

எங்க தாத்தா கொலுசுப் பட்டறை வெச்சிருந்தார். சாயங்காலம் பட்டறையைப் பெருக்கின மண்ணை வெளியில கொட்ட விடமாட்டார். தகர டப்பாவுல சேர்த்து வெச்சு, மாசக் கடைசியில தண்ணியில அரிச்சு, உருக்கி, அதுல ஒரு குண்டுமணி அளவாவது வெள்ளி எடுத்துடுவார். நான் அன்னிக்கு அந்தக் கொழுப்பைத் திரும்ப டப்பாவுலேர்ந்து எடுத்து, பலகையில போட்டு, கத்தியைத் தள்ளி வெச்சிட்டு விரலால அழுத்தி உருட்டினேன். கொழுப்பு வழுக்கிட்டு ஓடும், நெறி மட்டும் விரலுக்கு அடியில சின்னக் கடுகு மாதிரி தட்டும். கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு மணி நேரத்துல இன்னும் ஒன்பது கிடைச்சுது. அதுல ஒண்ணு, நாலு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதுக்குள்ள கேன்சர் இருந்துச்சு. ஸ்டேஜே மாறிடுச்சு. அந்த அம்மா பேர் எனக்குத் தெரியும், முகம் தெரியாது. ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில போய் உட்கார்ந்துட்டேன். முதல் ரிப்போர்ட் அப்படியே போயிருந்தா?

அதனால காலேஜ் தேடும்போது ஹாஸ்டல் எப்படி, ஸ்டைபெண்டு எவ்வளவு, இதெல்லாம் அப்புறம். வர்ற ஒவ்வொரு ஸ்பெசிமனுக்கும் போடற ஹிஸ்டோ நம்பர் வருஷக் கடைசியில எங்க போய் நிக்குதுன்னு ரெஜிஸ்டரைக் கேளுங்க. கிராஸிங் பண்ணும்போது கூட நிக்கற ஆள் யாரு, பல பேர் ஒண்ணாப் பார்க்கற மல்டிஹெட் மைக்ரோஸ்கோப்ல தினம் உட்கார வெச்சு ஸ்லைடு காட்டறாங்களா, இல்லை பிஜியே டைப் பண்ணிக் கையெழுத்து மட்டும் வாங்கறதான்னு இப்போ படிக்கற செகண்ட் இயர் பசங்ககிட்ட கேளுங்க. ஃபைனல் இயர் பசங்க பரீட்சை பயத்துல எல்லாத்தையும் திட்டுவாங்க, ஃபர்ஸ்ட் இயருக்கு ஒண்ணும் தெரியாது. ஃப்ரோசன் செக்‌ஷன் இருந்தா ரொம்ப நல்லது. சர்ஜன் வயித்தைத் திறந்து வெச்சிட்டுக் காத்துட்டு இருப்பார். மைனஸ் இருபது டிகிரி பெட்டிக்குள்ள துண்டை உறைய வெச்சு வெட்டி, இருபது நிமிஷத்துல "ஆமா, இல்லை" சொல்லணும். எமர்ஜென்சி இல்லாத பிராஞ்சாம்!

பேஷண்டைப் பார்க்கவே முடியாதுங்கறதும் தப்பு. கட்டியில ஊசி விட்டு செல் எடுக்கற எஃப்என்ஏசி டெஸ்ட்டுக்கு நாமதான் குத்தறோம். போன வருஷம் உங்க மலையிலேர்ந்தே ஒரு பாட்டி, கழுத்துல நெல்லிக்காய் அளவு கட்டி, முதல் பஸ்ஸைப் பிடிச்சு இறங்கி வந்திருந்தாங்க. கேன்சர்னு பக்கத்து வீட்டுல யாரோ சொல்லி, பேரன் அழுதுட்டே கூட வந்திருக்கான். ஊசி விட்டு இழுத்தா, புத்தகத்துல சீஸ் மாதிரின்னு போட்டிருப்பானே, அது. நம்ம ஊர்ல சீஸை யார் கண்டா, திரிஞ்ச பால்னு சொன்னா சரியா இருக்கும். ஸ்லைடைப் பூசும்போதே எனக்குப் புரிஞ்சுது. டிபி கிருமியைக் காட்டற ஆசிட் ஃபாஸ்ட் ஸ்டெயின் போட்டதுல நீலத்துக்கு நடுவுல செக்கச் செவேல்னு ரெண்டு குச்சி. டிபி. அரசாங்கத்துல இலவசமா மருந்து, ஆறு மாசம். "பாட்டி, கேன்சர் இல்லை"ன்னு நான்தான் சொன்னேன். "நீயா பார்த்த? உன் கண்ணால பார்த்தியா?"ன்னு ரெண்டு வாட்டி கேட்டாங்க. "என் கண்ணால"ன்னேன்.

வேலை பத்தி ஆர்த்தோ சார் சொன்னதுல பாதி சரி. கிளினிக் போர்டு மாட்ட முடியாதுதான், ஆனா சொந்தமா லேப் வெக்கலாம். 2017 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, லேப் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட பேதாலஜி மேற்படிப்பு முடிச்ச, பதிவு பெற்ற டாக்டர் வேணும்னு. அதனால மாவட்டங்கள்ல நமக்கு ஆள் தேடறாங்க. ஆனா அதுலயே ஒரு குழி இருக்கு. எம்டி முடிச்ச மறு மாசமே எனக்கு போன் வந்துச்சு. "மேடம், நீங்க வரவே வேண்டாம், கையெழுத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, மாசம் இவ்வளவு"ன்னு. ஒண்ணில்லை, மூணு இடத்துலேர்ந்து. நீங்க சர்வீஸ்ல இருக்கறதால அந்த அவசரம் இருக்காது, இருந்தாலும் சொல்லி வெக்கறேன். கையெழுத்தை வாடகைக்கு விடாதீங்க.

தீசிஸ் பத்தி எழுதினா இந்தத் திரி தீராது. முதல் ஆறு மாசத்துல தலைப்பைப் பிடிங்க, கேன்சர் வகையைப் பிரிச்சுக் காட்டற ஐஎச்சி ஸ்டெயினுக்கு மார்க்கர் வாங்கற செலவு யார் தலையிலன்னு தலைப்பு வெக்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க. அவ்வளவுதான்.


பாரஃபின்தாத்தா:

டாக்டரம்மா எழுதினதைப் படிச்சேன், சந்தோஷம். நான் டாக்டர் இல்லைங்க. ஹிஸ்டோ லேப்ல டெக்னீஷியனா முப்பத்தோரு வருஷம், இப்போ ரிட்டயர்டு, அம்மாபேட்டையில பேரப்பிள்ளைங்களோட இருக்கேன்.

புதுசா வர்ற பிஜி டாக்டருங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுவேன். முதல் மாசம் எங்க பக்கத்துல வந்து உட்காருங்க. துண்டு எப்படி ஆல்கஹால்ல தண்ணி போகுது, சைலீன்ல ஆல்கஹால் போகுது, அப்புறம் மெழுகு ஏறுதுன்னு கண்ணால பாருங்க. மைக்ரோடோம்ல நாலு மைக்ரான் வெட்டறப்போ ரிப்பன் மாதிரி வரும். அதைத் தண்ணித் தொட்டியில மிதக்க விடணும். தண்ணி 45 டிகிரிகிட்ட இருக்கணும். சூடு கூடிட்டா மெழுகு பரந்து செல்லெல்லாம் கிழிஞ்சிடும், குறைஞ்சா சுருக்கம் போகாது. சித்திரை மாசத்துல சேலம் வெயிலுக்கு மெழுகு பிளாக் இளகிப் போய் ரிப்பனே வராது. ஐஸ் கட்டி மேல கவுத்து வெச்சு வெச்சு வெட்டுவோம். இதெல்லாம் தெரிஞ்ச டாக்டர் "ஸ்லைடு சரியில்லை"ன்னு கத்த மாட்டாங்க, "பிளேடு மாத்திப் பாருங்கண்ணே"ன்னு சொல்லுவாங்க. அந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியும்.

மலை மேலேர்ந்து கேக்கறதால இன்னொண்ணு. ஒரு தடவை ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலேர்ந்து பித்தப்பை வந்துச்சு, வாய் குறுகின தண்ணி பாட்டில்ல. எடுத்த புதுசுல பஞ்சு மாதிரி உள்ள போயிருக்கு. ஃபார்மலின்ல கிடந்து இறுகி, வெளிய வரவே மாட்டேங்குது. அப்போ இருந்த பிஜி டாக்டர் தம்பி இடுக்கியை விட்டு இழு இழுன்னு இழுக்கறார். நான் கத்தரி எடுத்து பாட்டிலை வெட்டிக் குடுத்தேன். வெட்டி என்ன புண்ணியம், பாட்டில்ல ஃபார்மலின் கால்வாசிதான் ஊத்தியிருந்தாங்க. மேல நின்ன பாதி அழுகி, உள்தோலே இல்லை. துண்டு எவ்வளவோ அதுக்குப் பத்து மடங்காவது ஃபார்மலின் வேணும், வாய் அகலமான டப்பா வேணும். நீங்க பேதாலஜி படிச்சாலும் சரி, படிக்காட்டியும் சரி, இதை மட்டும் உங்க மலையில எல்லாருக்கும் சொல்லிடுங்க.


ஓமலூர் எம்பிபிஎஸ்:

நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். எனக்குச் சிவப்பு பச்சை வித்தியாசம் சரியாத் தெரியாது. பேதாலஜியை மறந்துடணுமா?


கொலுசுப்பட்டறை:

மறக்க வேண்டாம் தம்பி. வழக்கமா ரோஸ், ஊதா சாயம் போடற எச் அண்ட் ஈ ஸ்லைடுல நிறத்தைவிட வடிவமும் அழுத்தமும்தான் பேசும். நிறக்குறை இருக்கறவங்க இந்தத் துறையில இருக்காங்க. கஷ்டம் வர்றது நான் மேல சொன்ன சிவப்புக் குச்சி மாதிரி ஸ்டெயின்லதான். சேர்றதுக்கு முன்னாடி ஒரு டிபார்ட்மென்ட்ல போய் பத்து ஸ்லைடு பார்த்துட்டு முடிவு பண்ணு. மெடிக்கல் ஃபிட்னஸ்ல அந்தக் காலேஜ் என்ன கேக்குதுன்னும் விசாரிச்சுக்க.

பாரஃபின் தாத்தா, அப்புறம் உங்களை மாதிரி ஒருத்தர்தான் எனக்குக் கிராஸிங்கே சொல்லிக் குடுத்தார். துண்டை மெழுகுல பதிக்கற எம்பெட்டிங் பண்ணும்போது சாமணத்தை நான் பிடிச்ச பிடியைப் பார்த்துட்டு, "நீ பட்டறை வீட்டுப் பொண்ணா?"ன்னு கேட்டார். பொடி வெச்சு ஊதறப்போ கொலுசு மணியை அப்படித்தான் பிடிப்போம்.


சேர்வராயன்மழை:

அக்கா, ரெண்டு வாட்டி படிச்சேன். அந்த நெறிகட்டி கதையை வீட்டுக்காரருக்கும் வாசிச்சுக் காட்டினேன். மாமியார் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலை, ஆனா "அந்த அம்மா இப்போ நல்லாருக்காங்களா?"ன்னு கேட்டாங்க.

ஃபார்மலின் விஷயத்துக்கு மட்டும் பதில் வரலை. அது எனக்கு நிஜமாவே முக்கியம்.


கொலுசுப்பட்டறை:

அந்த அம்மா நான் அங்க இருந்த வரைக்கும் கீமோவுக்கு வந்துட்டு இருந்தாங்க. அதுக்கு மேல தெரியாதுன்னு அத்தைகிட்ட சொல்லுங்க.

ஃபார்மலினை வேணும்னேதான் கடைசிக்கு வெச்சேன், பூசி மெழுக மனசு வரலை. ஃபார்மால்டிஹைடு கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஐஏஆர்சி 2004லயே முதல் வகையில சேர்த்துடுச்சு. சைலீனும் சும்மா இல்லை, தலைவலி, தலைசுத்தல் வரும். எவ்வளவு நெடி எவ்வளவு நேரம் உள்ள போகுதுங்கறதுதான் கேள்வி. எங்க காலேஜ்ல கிராஸிங் ரூமுக்கு ஜன்னல் ஒண்ணு, எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு, அந்த ஃபேனும் நான் சேர்ந்தப்போ ஓடலை. நாலு லெட்டர் எழுதினோம், எட்டு மாசம் ஆச்சு. கண்ணு எரிஞ்சு தண்ணி ஊத்தும், துணி மாஸ்க் போட்டுட்டு நிப்போம். துணி மாஸ்க் அந்த ஆவியை நிறுத்தாது, மனசுக்குத்தான் ஆறுதல். காத்தைக் கீழே இழுக்கற கிராஸிங் மேசை இருக்கற இடத்துல வேலை பார்த்தப்போதான், இப்படியும் நிக்கலாம்னே எனக்குத் தெரிஞ்சுது.

என் கூடப் படிச்சவ ரெண்டாவது வருஷம் உண்டானா. கிராஸிங்லேர்ந்து மாத்தி ரத்தம் பார்க்கற ஹெமட்டாலஜி, செல் பார்க்கற சைட்டாலஜி போஸ்டிங் கேட்டா. முதல்ல முணுமுணுத்தாங்க, எழுதிக் குடுத்ததும் மாத்தினாங்க. விட்ட கிராஸிங்கை திரும்ப வந்து முடிச்சா. பிரசவ விடுப்பு எடுத்தா படிப்புக் காலம் தள்ளிப் போகலாம், அதையும் கணக்குல வெச்சுக்கங்க. நீங்க சேர்ந்து, அப்படி ஒண்ணு ஆச்சுன்னா, வாயால கேக்காதீங்க, முதல் மாசமே காகிதத்துல எழுதிக் குடுங்க. கவுன்சிலிங்ல இடத்தை லாக் பண்றதுக்கு முன்னாடி நேர்ல போய் அந்த கிராஸிங் ரூம்ல பத்து நிமிஷம் நில்லுங்க. கண்ணு எரிஞ்சா அந்தக் காலேஜை லிஸ்ட்ல கீழே தள்ளுங்க.

ஒரு சனிக்கிழமை கீழே இறங்கினா எங்க லேபுக்கு வாங்க, தனிச் செய்தியில இடம் சொல்றேன். மத்தியானத்துக்கு மேல எனக்குக் கிராஸிங் இருக்கும், கையுறை தர்றேன், நீங்களே ஒரு அப்பெண்டிக்ஸை வெட்டிப் பாருங்க. மதியம் நல்லா சாப்பிட்டுட்டு வராதீங்க. முடிச்சிட்டுத் தட்டுவடை செட் வாங்கித் தர்றேன், அப்புறம் பஸ் ஏறலாம். இருபது வளைவுக்கு அதுவே தாங்காது.